விருந்தினர்க்கு ஒரு சிற்றறை

முன்னுரை

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. நம் இல்லத்திற்குப் புதிதாய் வருபவரை விருந்து என்றே நம் முன்னோர் அழைத்தனர். திருவள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினரை மூன்று நாள் பேணுதல் இசுலாமிய மரபிலும் வலியுறுத்தப்பெறுகின்றது. எனினும் விருந்து என்றவுடன் நாம் உணவையே எண்ணுகிறோம். உண்டபின் அவர் எங்கே உறங்குவார், நள்ளிரவில் எழுந்தால் எங்கே செல்வார் என்பதை எண்ணுவது குறைவு.

சில ஆண்டுகட்கு முன் நம் இல்லத்தில் தங்கிய முதியவர் ஒருவர், இரவு இரண்டு மணிக்கு விழித்து, கூடத்தில் உறங்கியோரைத் தாண்டிச் செல்லக் கூசி, விடியும்வரை பாயிலேயே அமர்ந்திருந்தார். காலையில் அதனை அறிந்தபோது நாம் நாணினோம். அன்று நாம் அவருக்குப் படைத்த உணவில் ஒரு குறையும் இல்லை. குறை வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. சிறிய இடத்தில் உறங்கும் அறையும் குளியலறையும் அமைக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவரங்கத்து வீடு கற்பிப்பது

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு திருவரங்கம். கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. முதலில் திண்ணை, அடுத்து ரேழி, அதன்பின் முற்றமும் கூடமும், கொல்லையில் கிணறு என்பது அவற்றின் பொது அமைப்பு. வழிப்போக்கர் எவரையும் எழுப்பாமல் திண்ணையில் படுத்து, எவரிடமும் கேளாமல் எழுந்து செல்லலாம். தனி வழி, தனி இடம் ஆகிய இரண்டையும் திண்ணை தந்தது.

இன்று திண்ணை கம்பிக்கதவுக்குள் அடைபட்டது. பல இடங்களில் வீடே அடுக்குமாடியாயிற்று. திருச்சிராப்பள்ளியில் சத்திரம் பேருந்து நிலையம் என்னும் பெயரில் சத்திரம் வாழ்கிறது. ஆனால் விருந்தினர் வரவு குறையவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு வருவோர், நத்தர்வலி தர்காவின் கந்தூரிக்கு வருவோர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்போர், கல்லூரியில் சேர வரும் மாணவரும் தந்தையும் என இந்நகருக்கு விருந்து ஓய்வதில்லை.

சிறுமை குறையன்று

பெரிய அறை இல்லையே எனக் கவல வேண்டியதில்லை. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1952இல் பிரான்சின் தென்கடற்கரையில் தமக்கென அமைத்த மரக்குடிலின் பரப்பு 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டடிச் சதுரம். உயரமோ 2.26 மீட்டரே. உலகெங்கும் பெரும் மாளிகைகளை வகுத்தவர் கடலோரத்தில் அச்சிற்றறையில் மனநிறைவு கண்டார். அளவைவிட அமைப்பே முதன்மையானது என்பதற்கு இது சான்றாகும்.

அடுக்குக் கட்டில்

ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை அமைத்தல் நமக்குப் புதிதன்று. இரயில் பெட்டியின் 'பெர்த்' அனைவரும் அறிந்ததே. 11 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அறையைக் கொள்வோம். 8 அடிச் சுவரை ஒட்டி ஆறேகால் அடி நீளம், 3 அடி அகலமுள்ள கட்டிலை இட்டால், அதன் கால்மாட்டில் ஏணிக்கு ஒன்றேமுக்கால் அடி எஞ்சும். எதிரே 8 அடிச் சதுரம் வெறுமையாய்க் கிடைக்கும். அது தொழுகைக்கும் வழிபாட்டிற்கும் பெட்டி வைப்பதற்கும் போதும்.

கீழ்ப்படுக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருப்பின் முதியோர் எளிதில் எழுவர். அதற்கு மேல் 3 அடி இடைவெளி விட்டால் தலை இடியாமல் அமரலாம். மேற்படுக்கை ஏறத்தாழ ஐந்தேகால் அடி உயரத்தில் அமையும். கூரை 10 அடியாயின் மேலே நாலேமுக்கால் அடி எஞ்சும். இங்குதான் நம் நாட்டுக்கே உரிய ஓர் இடர் உள்ளது. மேற்படுக்கையில் அமர்ந்து கையை உயர்த்துபவரின் விரல் கூரை மின்விசிறியில் படக்கூடும். ஆகவே இவ்வறையில் சுவர் விசிறிகளையே பொருத்துதல் வேண்டும். மேற்படுக்கையின் தடுப்பு, மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மேலே படுக்கவைத்தல் கூடாது.

ஒவ்வொரு படுக்கைக்கும் தனி விளக்கும், படுத்தபடியே எட்டும் சுவிட்சும் தேவை. ஒருவர் படிக்கும்போது மற்றவர் உறங்கலாம்.

குளியலறை

குளியலும் கழிப்பிடமும் இணைந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் குறைந்தபட்ச அளவுகள் என்பது இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வரையறை. 7 அடிக்கு நாலரை அடி இருப்பின் அவ்வளவு நிறைவுறும். கதவருகே கழிப்பிடமும் கடைசியில் குளிக்குமிடமும் அமைத்து, தரையை உட்புறமாகச் சரித்தால், இரவில் வருபவர் ஈரத்தில் கால் வையார். குளியலறைத் தரை அறையின் தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருத்தல் நன்று. சொரசொரப்பான டைல்ஸ் பதிக்கும் முன், தரையில் ஒரு நாள் முழுதும் நீர் தேக்கிக் கசிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று பொருத்துக. தாழ்வாக ஒரு குழாயும் அமர்வதற்கு ஒரு மேடையும் அமைத்தால், ஒளூச் செய்வோர்க்கும் விடியற்காலையில் கோயிலுக்குப் புறப்படுவோர்க்கும் ஒருங்கே உதவும். பீங்கானை வடக்குத் தெற்காக வைத்தால் கிப்லாவை முன்னோக்குவதோ பின்னோக்குவதோ நேராது.

ஆற்றங்கரையும் கடற்கரையும்

காவிரிக்கரை வீட்டிற்கு ஒத்தது நாகப்பட்டினக் கடற்கரை வீட்டிற்கும் ஒக்கும். இரண்டிலும் நீராடி வருபவர் மணலும் ஈரமுமாக வருவர். ஆதலின் விருந்தறைக்கு வெளியே கால் கழுவும் குழாயும் துணி உலர்த்தும் கொடியும் வேண்டும். கடற்கரையாயின் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். கீலும் தாழும் பித்தளையில் அமையட்டும். ஆற்றங்கரையாயின் வெள்ளத்தை மறத்தல் கூடாது. 1928இல் கட்டப்பெற்ற பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததை நாம் அறிவோம். வெள்ளம் ஏறிய மட்டத்திற்கு மேலேயே அறையின் தரையும் மின் இணைப்புகளும் இருத்தல் வேண்டும்.

நிறைவுரை

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. விளக்கை அணைத்துவிட்டு, அவ்வறையில் ஓரிரவு நாமே படுத்துப் பார்த்தல் வேண்டும். சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா, குளியலறைக்கு இடறாமல் செல்ல முடிகிறதா, குடிநீர் அருகே உள்ளதா என்பன அப்போது விளங்கும். விருந்து என்றால் புதியவர். வீட்டாருக்குப் பழகிப்போன இடர் எதுவும் அவருக்குப் பழகியதன்று. நள்ளிரவில் எவரையும் எழுப்பாமல், எவரிடமும் கேளாமல், நாணாமல் அவர் தம் தேவையை முடித்துக்கொள்ள இயலுமாயின், திண்ணையை இழந்த நம் வீடு விருந்தோம்பலை இழக்கவில்லை எனலாம்.