மனசுக்கு யாரைப் பார்ப்பது? – 7: பூஞ்சேரியில் தோற்ற பையன்

போன வாரம் கவுன்சலர் அறைக்குள் போய்வந்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் லைஃப் கோச். கட்டணம், சான்றிதழ், ஏமாறாமல் தப்பிப்பது எல்லாம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் 2022 சதுரங்க ஒலிம்பியாட் குறுக்கே வந்துவிட்டது.

மாஸ்கோவில் நடக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் போர் மூண்டதால் நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. நான்கே மாதத்தில் ஏற்பாடு. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யை மறந்திருக்க மாட்டீர்கள். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி விடுதி அரங்கில், இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் உட்கார்ந்தவர் 16 வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி! எட்டாவதில் வீழ்ந்தவர் அமெரிக்காவின் கருவானா. அணியின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ்.

ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று. எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை குகேஷ் கோட்டைவிட்டார். பிரக்ஞானந்தா வென்றதால் அணி 2–2 என்று தப்பித்தது. ஆனாலும் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போக, நம் பையன்களுக்கு வெண்கலம்தான். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் மட்டும் குகேஷுக்கே.

இதற்கும் லைஃப் கோச்சுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு வருடம் கழித்து, உலகப் பட்டத்துக்கான ஆட்டத்துக்கு முன் குகேஷ் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பேடி அப்டன், தென்னாப்பிரிக்கர். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த மனப் பயிற்சியாளர். காய் நகர்த்தச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர் வேலை, காய் நகர்த்துகிறவரின் தலைக்குள் நடப்பதைக் கவனிப்பது. சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று முதல் ஆட்டத்திலேயே தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் வென்று குகேஷ் கணக்கைச் சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று, 18 வயதில் உலக சாம்பியன். வென்ற பிறகு அப்டனுக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார்.

கோச்சின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியவில்லை. குகேஷுக்கு எந்த நோயும் இல்லை. போக வேண்டிய இடமும் தெரியும். போகிற வழியில் தடுமாறாமல் இருக்கத்தான் துணை தேவைப்பட்டது. தோல்விக்குப் பின் மாதக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பலகையைப் பார்த்தாலே நடுக்கம் என்று ஒரு பிள்ளை வந்தால் அது கோச்சின் வேலை அல்ல. அங்கே கவுன்சலர் வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர். ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று கோச் கேட்பார். ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று கேட்கவும், பதில் வரும்வரை காத்திருக்கவும் பயின்றவர் கவுன்சலர்.

கோச்சிங்கின் பூர்வீகமும் மருத்துவமனை இல்லை. 1974இல் ஆட்டக்காரரின் மனசைப் பற்றிப் புத்தகம் போட்ட திமதி கால்வே டென்னிஸ் பயிற்சியாளர். இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி என்ற நான்கு படிகளைப் பரப்பிய ஜான் விட்மோர், கார் பந்தய வீரர்! 1995இல் கோச்சுகளுக்கென்று சர்வதேச அமைப்பு தொடங்கிய தாமஸ் லியனார்ட், பணத் திட்டமிடலுக்கு ஆலோசனை சொன்னவர். கவுன்சலிங் கதை இன்னும் வேடிக்கை. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு ‘எந்த வேலைக்குப் போகலாம்’ என்று வழிகாட்ட அலுவலகம் திறந்ததை அதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். இன்று அதே கேள்வியோடு பலரும் கோச்சிடம் போகிறார்கள். எல்லைக்கோடு இயற்கையாக வந்ததில்லை, மனிதர்கள் போட்டதுதான் என்று இதிலிருந்தே தெரிகிறது.

மனிதர்கள் போட்ட கோடு என்பதால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். மனநல நிபுணர் யார் யார் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பட்டியலே போடுகிறது. லைஃப் கோச்சுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. ஈசிஆரில் இன்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நல்ல கோச், தன்னால் ஆகாததைப் பார்த்ததும் டாக்டரிடம் அனுப்பிவைப்பார். எல்லாவற்றுக்கும் தன்னிடமே வழி இருக்கிறது என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கட்டணமும் சான்றிதழும் அடுத்த வாரம். கூடவே கோவளத்துக்கும் போகிறோம். 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, அந்தக் கடற்கரைக் கிராமங்களில் மனநல வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமனஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.