பாஸ்பேட் ஜீரோ காட்டுதா? அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க

தூத்துக்குடியில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: “ப்ரோ, என் ரீஃப் டேங்க்ல பாஸ்பேட் ஜீரோ காட்டுது. ஆனா கண்ணாடி பூரா பாசி. கிட் தப்பா? ஹார்பர் பக்கம் கடல் தண்ணி எடுத்து மாத்திடலாமா?”

முதல் கேள்விக்கு வருவோம். கிட் சரியாவே இருக்கலாம். தண்ணில கரைஞ்சு மிச்சம் இருக்கற பாஸ்பேட்டை மட்டும்தான் அது அளக்கும். மீன் தீனியில இருந்து வர்ற பாஸ்பேட்டை பாசி உடனுக்குடன் இழுத்துக்கிட்டா, தண்ணில ஒண்ணும் தங்காது. அதனால ரீடிங் ஜீரோ, கண்ணாடி பச்சை.

இன்னொரு விஷயம், ஜீரோ நல்லதும் இல்ல. பவளத்தோட உடம்புக்குள்ள வாழற நுண்பாசிக்கும் பாஸ்பேட் வேணும். அது பட்டினி கிடந்தா பவளம் வெளுக்கும். அளவு ரொம்ப ஏறினா பாசி பெருகும், பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டறது தடைபடும். அதனாலதான் பல பேர் 0.03ல இருந்து 0.1 பிபிஎம் வரைக்கும் வச்சுக்கறாங்க.

டெஸ்ட் எப்படி வேலை செய்யுது? மாலிப்டேட் பாஸ்பேட்டோட சேரும், அஸ்கார்பிக் ஆசிட் அதை நீலமாக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு. மர்ஃபியும் ரைலியும் 1962ல வெளியிட்ட முறை இது. கடல் ஆய்வகங்கள்லயும் அடிப்படை இதுதான்.

நாம தேடறது ரொம்பச் சின்ன அளவு. அந்த வெளிர் நீலத்தை கலர் கார்டோட வச்சு கண்ணால பிரிக்கறது கஷ்டம். அதுக்குத்தான் ஹன்னா செக்கர் மாதிரி மீட்டர். அதோட அல்ட்ரா லோ ரேஞ்ச் மாடல் ஒண்ணு பாஸ்பரஸை பிபிபில காட்டும். பாஸ்பேட் வேணும்னா 3.066ஆல பெருக்கி 1000ஆல வகுக்கணும். 10 பிபிபின்னா 0.031 பிபிஎம். யூனிட் மாத்திப் படிச்சா மொத்தக் கணக்கும் போச்சு.

அந்த மீட்டரோட பிழை 5 பிபிபி, கூடவே ரீடிங்ல 5 சதவீதம். அப்போ 10ன்னு காட்டினா உண்மை 0.014ல இருந்து 0.048 வரை எங்கயும் இருக்கலாம். ஒரு லாக் லைனைப் பார்த்து சர்வரை ரீஸ்டார்ட் பண்ண மாட்டோம்ல? ஒரே ரீடிங்கை நம்பி பாஸ்பேட் ரிமூவரைக் கொட்டாதீங்க. குவெட்டைத் துடைங்க, கைரேகை, குமிழி இருக்கக்கூடாது. பவுடர் போட்டு 2 நிமிஷம் மெதுவா ஆட்டுங்க, டைமர்ல 3 நிமிஷம் விடுங்க. வாரம் ஒருமுறை, அதே நேரத்துல எடுத்து ஷீட்ல போடுங்க. மூணு நாலு வாரம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து முடிவெடுங்க.

உங்க ஊர்லயே இதுக்கு முன்னுதாரணம் இருக்கு. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, அதை அறிவிக்கறதுக்கு முன்னாடி, கடலுக்கடியில இருக்கற பார்களைச் சோதிச்சு, மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணினாங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி, ஹார்பர் தண்ணி. வேண்டாம். தூத்துக்குடி துறைமுகத்துல ராக் பாஸ்பேட் சரக்கும் இறங்குது. கப்பல் எண்ணெய், ஊர்க் கழிவுன்னு மத்ததும் கலக்கலாம். பாஸ்பேட் கிட் அதையெல்லாம் சொல்லாது. ஆர்ஓ-டிஐ தண்ணில உப்பு கலந்து ஊத்துங்க. அந்தத் தண்ணியையும் ஒருமுறை டெஸ்ட் பண்ணுங்க. சில சமயம் பாஸ்பேட் வர்றதே அங்கிருந்துதான்.

தண்ணி எடுக்கப் போறவங்க கண்ணுல பவளமும் படும். தொடாதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள், 1986ல இருந்து தேசியப் பூங்கா. ஒரு காலத்துல சுண்ணாம்புக்காக பவளப்பாறையை வெட்டினாங்க. விலாங்குசல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு மூழ்கியே போச்சு. 2001ல இருந்து கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். கடையில வாங்கினாலும் எங்கிருந்து வந்துச்சு, பேப்பர் இருக்கான்னு கேளுங்க.

நேயருக்கு ஹோம்வொர்க்: கண்ணாடியைச் சுரண்டுங்க, தீனியைக் கொஞ்சம் குறைங்க, நாலு வாரம் ரீடிங் எடுங்க. அந்த ஷீட்டை அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.