டிரெசர் ஐயா எந்தக் கல்லூரி?

மலைத்தோட்ட மனிதர்கள் – 9

கேமரன் மலைத் தோட்டங்களில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஒரு ஆள் குறைந்தால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அந்தக் காலத்தில் கேட்ட முதல் கேள்வி, "டிரெசரைப் போய்ப் பார்த்தாச்சா?" என்பதுதான். எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு டிரெசர் கையில் இருந்தது. காய்ச்சல் நிஜமா, வேலைக்கு டிமிக்கியா என்று தீர்ப்புச் சொன்னதும் அவரே. போன வாரம் கங்காணியைப் பற்றி எழுதினேன். தோட்டத்து ஜனங்கள் கங்காணிக்குப் பயந்தார்கள். டிரெசருக்குப் பயந்துகொண்டே அவரை நம்பவும் செய்தார்கள். இது கொஞ்சம் சிக்கலான உறவு.

டிரெசர் என்பவர் தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொண்டவர்; டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. பழைய காலத்து டிரெசர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கலக்கி, வார்டில் நின்று தொழில் பழகியவர்கள். யாழ்ப்பாணத்தார், மலையாளிகள், பிறகு தோட்டத்திலேயே பிறந்து நாலெழுத்து படித்த பையன்கள் என்று பலரும் இந்த வேலைக்கு வந்தார்கள். சட்டத்தில் அவர்களுக்குப் பெயர் 'தோட்ட மருத்துவமனை உதவியாளர்'. அவர்களைப் பதிவு செய்ய மலேசியாவில் தனிச் சட்டமே வந்தது, 1965இல். அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம்கூட 1977இல்தான் வந்தது.

இந்த 1965ஐக் கொஞ்சம் தூர நின்று பார்க்க வேண்டும். ஆம்புலன்சில் வந்து உயிர் காக்கும் துணைமருத்துவர்களை ஆஸ்திரேலியா நாடு முழுவதற்குமாகப் பதிவு பெற்ற தொழிலாக ஏற்றது 2018 டிசம்பரில்தான். துணைமருத்துவக் கல்வியிலும் ஆராய்ச்சியிலும் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. அங்கே லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பீட்டர் ஓமேராவின் ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியது: டாக்டர் கிடைக்காத நாட்டுப்புறத்தில், அவசர அழைப்புக்கு ஓடுவதோடு நில்லாமல், ஊரோடு இருந்து அன்றாட வைத்தியமும் பார்க்கும் துணைமருத்துவர் ஒருவரை உருவாக்க முடியுமா? 'சமூகத் துணைமருத்துவம்' என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவது ஏறக்குறைய இதுதான். படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் டிரெசர் ஐயா வேறு என்ன செய்துகொண்டிருந்தார்?

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைக் கம்பெனியைத் தொடங்கியபோது கேமரன் மலை காடு. மலையடிவாரத் தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். இரவில் வலி கண்டவளையோ பாம்பு கடித்தவனையோ மலையிறக்குவது என்றால் அதுவே இன்னொரு ஆபத்து. ஆகவே தோட்டத்து மருந்தறை என்பது முதலுதவிப் பெட்டி அல்ல. பல சமயம் முதலும் கடைசியும் அதுதான். கதவருகே ஒரு பெஞ்சு. கண்ணாடி அலமாரியில் ஊதா மருந்து, டிங்சர், பஞ்சு. கலவை மருந்து பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதப் பட்டை; ஒரு பல் ஒரு வேளைக்கு. எழுதப் படிக்கத் தெரியாத கொழுந்துக்காரி லயத்துக்குப் போய்த் தவறாமல் குடிக்க அந்தக் காகிதம் போதும். நோயாளிக்குப் புரியும்படி மருந்தளவைச் சொல்வது எப்படி என்று இன்று தனிப் பாடமே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆராய்ச்சி புதிதல்ல. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், தோட்டங்களை வைத்தே உலகப் புகழ் பெற்றார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் தோண்டியதும் மலேரியா ஒடுங்கியது. மேட்டுநிலத் தோட்டங்களில் அதே வைத்தியத்தைச் செய்தால் காய்ச்சல் ஏறியது. வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் அனோபிலிஸ் மாகுலாட்டஸ் கொசு அங்கே காரணம். மரத்தை வெட்டியவர்கள் அதற்கு வெயிலைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டும் எண்ணெய் தெளித்தும் அதை மடக்கினார்கள். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்ததும், தோட்டத்து மரணக் கணக்குகளைப் புரட்டியதும் வாட்சனின் ஆய்வுமுறை. 1911இல் புத்தகம் வந்தது, 1924இல் சர் பட்டம்.

புத்தகத்தில் நம் ஜனங்கள் எண்ணாக இருக்கிறார்கள். நியாயம்தான், அந்த எண்களால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் தோட்டத்து நோய் ஆய்வுப் பொருளான அளவுக்கு, அந்த நோயாளிக்குப் பக்கத்தில் நின்றவனின் அறிவு ஆய்வுப் பொருளாகவில்லை என்பது என் ஆதங்கம். இப்படிப்பட்டவர் எப்படிக் கற்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்ற கேள்வி பிற்பாடுதான் ஒரு துறையாக வளர்ந்தது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறமையை நான்கு படிகளாக அடுக்கினார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, மேலே, அன்றாட வேலையில் உள்ளபடியே செய்வது. தேர்வுகள் பெரும்பாலும் கீழ்ப்படிகளையே அளக்கின்றன என்பது அவர் குறை. டிரெசரை அளக்க வேண்டுமானால் உச்சிப்படியில்தான் அளக்க முடியும். அடுத்த வருஷமே ஆய்வாளர்கள் ஜீன் லேவும் எட்டியேன் வெங்கரும், மெக்சிகோவின் மாயா இன மருத்துவச்சிகள் பெரியவர்களின் கூடவே இருந்து தொழில் பழகுவதையும் ஓர் உதாரணமாக எடுத்து, கற்றல் என்பது ஒரு கூட்டத்துக்குள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்வது என்று எழுதினார்கள்.

இதற்காக டிரெசரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது துரை, அதாவது தோட்ட மானேஜர். எம்.சி. அதிகம் எழுதினால் மானேஜர் முகம் சுளிப்பார். எழுதாவிட்டால் லயத்தில் வசவு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அவர் நாடி பார்த்தார். எல்லா வலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுத்தவர்களும் இருந்தார்கள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் எழுதிய கட்டுரை இங்கே உறுத்தும்: வருஷக்கணக்கில் செய்வதால் மட்டும் ஒருவர் நிபுணராகிவிடுவதில்லை, செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். தனியாக இருந்த டிரெசருக்கு அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? எப்போதாவது வந்துபோகும் பெரிய டாக்டரைத் தவிர ஆளில்லை.

இன்று நிலைமை வேறு. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், ஈப்போ அருகே உலு கிந்தாவில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம், மூன்றாண்டு டிப்ளோமாப் படிப்பில் மருத்துவ உதவியாளர்களை உருவாக்குகிறது. தேயிலை வெட்டுவதில் பெரும்பகுதி இப்போது வங்காளதேசத்தார், நேப்பாளிகள் கையில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவனிடம் எந்த மொழியில் விசாரிப்பது என்பதே புதுப் பாடம். பழைய டிரெசருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. தமிழில் ஒரு அதட்டல் போட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மலேசிய மாணவர்களுக்கு ஒரு யோசனை. ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் ஒரு முறையை எழுதி வைத்தார். உங்கள் தொழில் எப்படி என்று பொதுவாகக் கேட்காதே. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொல், அதில் என்ன பார்த்தார், என்ன செய்தார், என்ன ஆனது என்று கேள் என்பதுதான் அது. போர் விமானிகளிடம் நடத்திய விசாரணைகளிலிருந்து பிறந்த முறை. அதைக் கொண்டுபோய் ஓய்வு பெற்ற ஒரு டிரெசரிடம் உட்காருங்கள். மழை இரவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைத் தாப்பாவுக்கு இறக்குவதா, விடியும்வரை பார்ப்பதா என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் தோட்டத்துத் தமிழ் புரியும் காதும் போதும். இந்தத் தவணையிலேயே தொடங்குவது நல்லது. அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

(அடுத்த வாரம்: ஆயாக் கொட்டகை)