யூதர் இல்லமும் பிள்ளைகளின் சமயக் கல்வியும்

ஒரு சமயம் தலைமுறை தலைமுறையாக நிலைபெறுவதற்குக் காரணம் யாது? கோயில்களே காரணம் என்பார் சிலர். நூல்களே என்பார் சிலர். குருமாரே என்பார் வேறு சிலர். கோயிலை இழந்தும், சொந்த நாட்டை நீங்கியும், பல நூற்றாண்டுகளாகப் பிற மக்களிடையே சிறு சிறு கூட்டத்தினராக வாழ்ந்தும் தமது சமயத்தைக் கைவிடாதிருந்த யூதரை நோக்கினால், இவ்வினாவுக்கு வேறொரு விடையும் உண்டென்பது புலனாகும். வீடு என்பதே அவ்விடை.

கொழும்பிலே பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிக்கும் நிலையங்களுக்குக் குறைவில்லை. 1902ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விவேகானந்த சபை கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டிலிருந்து சைவ சமயப் பரீட்சைகளை நடத்தி வருகின்றது. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் இருக்கின்றது. கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தைச் சூழ வாழும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி உண்டு. முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரசாக்கள் உண்டு. அரசாங்கப் பாடசாலைகளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சமயம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. இத்தனை வசதிகள் இருப்பதனாலேயே ஒரு கேடும் விளைவதுண்டு. பிள்ளையை வகுப்புக்கு அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது, மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார் எனப் பெற்றோர் அமைந்துவிடுகின்றனர். இந்த இடத்திலேதான் யூதரின் அனுபவம் எல்லாச் சமயத்தவருக்கும் பயன்படக் கூடியதாகின்றது.

யூதரின் மறைநூலாகிய தோராவிலே, மோசேயின் ஐந்தாம் நூல், பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமையைப் பெற்றோர் மீதே சுமத்துகின்றது. ஆதியில் தந்தையே ஆசிரியர். ஆயின் தந்தை இல்லாத பிள்ளையின் கதி என்ன? தந்தை எழுத்தறியாதவராயின் அப்பிள்ளை எங்கே கற்கும்? இந்தக் குறையை நீக்க முற்பட்டவர் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு. எருசலேம் ஆலயம் கி.பி. 70ஆம் ஆண்டில் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர், ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து, ஆறு அல்லது ஏழு வயதுப் பிள்ளைகளை அவர்களிடம் சேர்க்க ஏற்பாடு செய்தார் எனத் தல்மூது என்னும் பெருநூல் கூறுகின்றது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். நாற்பதாயின் அவருக்கு ஓர் உதவியாளர். ஐம்பதாயின் இரண்டு ஆசிரியர்கள் என்னும் கணக்கையும் அந்நூலிலே காணலாம். இன்று எத்தனையோ பாடசாலைகள் எட்ட முடியாதிருக்கும் அளவை அக்காலத்திலேயே அவர்கள் விதியாக வகுத்திருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

பள்ளி ஏற்பட்டதனால் வீட்டின் கடமை குறைந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் தாய் விளக்கேற்றுகின்றாள். அப்பொழுதே ஓய்வுநாள் தொடங்குகின்றது. அன்றிரவு பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆசி கூறுகின்றனர். எகிப்திலே அடிமைகளாய் இருந்த முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விழா இன்னும் சிறப்புடையது. அவ்விரவின் உணவுமேசையே வகுப்பறையாக மாறுகின்றது. அடிமை வாழ்வின் கசப்பை உணர்த்தக் கசப்பான கீரையையும், அவசரப் பயணத்தை உணர்த்தப் புளிப்பில்லாத அப்பத்தையும் பரிமாறுவர். இந்த இரவு மற்றை இரவுகளிலிருந்து வேறுபடுவது ஏன் என்று வீட்டின் இளைய பிள்ளை கேட்க வேண்டும். பெரியோர் விடை கூற வேண்டும். பிள்ளை வினவாவிடின் பெரியோரே வினாவைத் தூண்டிவிட வேண்டும் என்பது முறை. அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்யும் வழக்கமும் உண்டு; நெடுநேரம் உறங்காமல் விழித்திருப்பதற்கு அது நல்ல உபாயம்.

ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்காகச் 'சைவ வினாவிடை'யை இயற்றியபோது வினாவும் விடையுமாகவே சமயத்தை அமைத்தார். நூலிலே வினவுபவரும் விடை கூறுபவரும் ஒருவரே. பாஸ்கா இரவிலோ பிள்ளை தன் வாயாலேயே வினவுகின்றது. விடை கூறும் பொறுப்பைத் தந்தையோ பாட்டனோ வேறொருவரிடம் தள்ள முடியாது. பிள்ளைக்கு முதன்முதல் எழுத்தறிவித்த நாளில், எழுத்தின் மேல் தேனைத் தடவி நாவினால் சுவைக்கச் செய்யும் வழக்கம் இடைக்கால ஐரோப்பிய யூதரிடம் இருந்தது. விஜயதசமியன்று பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கும் நம்மவருக்கு இதன் கருத்தை விளக்க வேண்டியதில்லை.

பையனுக்குப் பதின்மூன்று வயதும் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதும் நிறையும்போது, சமயக் கட்டளைகளைக் கைக்கொள்ளும் பொறுப்பு அவர்களையே சார்கின்றது. பையனைச் சபைமுன் அழைத்துத் தோராவை ஓதச் செய்வர். பல ஆண்டுக் கல்வியின் பயன் அன்று சபையறிய வெளிப்படுகின்றது.

இம்மக்கள் தமிழர்க்கு முற்றிலும் அந்நியரல்லர். இலங்கை மன்னனின் பதினாறு மந்திரிகளுள் நால்வர் யூதர் எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதியுள்ளார். அண்டை நாடாகிய சேரநாட்டிலோ அவர்களுடைய வரலாறு செப்பேட்டிலே நிலைபெற்றுள்ளது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகருக்கு உரிமைகள் அளித்துப் பொறித்த வட்டெழுத்துச் செப்பேடு அது. கொச்சியில் யூத சமூகத் தலைவருக்கு அரசர் வழங்கிய பட்டம் 'முதலியார்' என்பதாகும். மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மட்டாஞ்சேரி, எறணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய இடங்களில் எட்டுத் தொழுகைக்கூடங்கள் இருந்தன. அங்கே பிள்ளைகள் இளமையிலேயே எபிரேய மொழியில் ஓதக் கற்றனர். நூலறிந்த பெரியோரே கற்பித்தனர்.

கொச்சி யூதரின் சமயக் கல்வியில் தனிச்சிறப்புடையது பெண்களின் பங்கு. யூதப் பெண்கள் ஆடவர் முன்னிலையிற் பாடுவது தகாது எனப் பல நாடுகளிற் கருதப்பட்டது. கொச்சியிலோ பெண்கள் எபிரேயப் பாடல்களை ஆடவருடன் கூடிப் பாடினர். அதுவுமன்றி, மலையாளத்திலே மறைநூற் கதைகளையும் திருமண மங்கலங்களையும் தொழுகைக்கூடங்களின் வரலாற்றையும் பாடல்களாக்கி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதி, தாய் மகளுக்கும் மாமி மருமகளுக்குமாக வழங்கி வந்தனர். மறைநூல் கூறும் வரலாறுகள் வீட்டு மொழியிலேயே பிள்ளைகளின் செவிக்கு எட்டியமைக்கு இப்பாடல்கள் துணைநின்றன.

இச்சமூகத்திலும் ஒரு களங்கம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட சிலரைப் பரதேசித் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரவும் தோராவை ஓதவும் மற்றையோர் நெடுங்காலம் விடவில்லை. பிள்ளை ஓதக் கற்றிருக்கும். கற்றதைச் சபையில் ஓத உரிமையில்லை. அவ்வழிவந்த வழக்கறிஞராகிய ஏ. பி. சேலம் என்பவர் (1882–1967), காந்தியடிகளின் வழியைப் பின்பற்றித் தொழுகைக்கூடத்திலேயே சத்தியாக்கிரகம் செய்து இக்கொடுமையை எதிர்த்தார். காலப்போக்கில் அத்தடைகள் நீங்கின. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காகப் போராட நேர்ந்ததை அறிந்தோர், சேலத்தின் போராட்டத்தை எளிதில் உணர்வர். எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று பாடத்திலே கற்பித்துவிட்டு, ஒரு பிள்ளையை வாசற்படியில் நிறுத்தினால், மாணவர் மனத்திற் பதிவது பாடமன்று, வாசற்படியே.

பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேல் என்னும் யூதரின் வரலாறு மற்றொரு பாடம். செக்காட்டி எண்ணெய் எடுத்த இவர்கள் சனிக்கிழமைகளில் தொழில் செய்யாமையால், மராத்தியர் இவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்றழைத்தனர். இவர்களிடம் எபிரேய நூல்கள் இல்லை, பள்ளியும் இல்லை. ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதிகள், இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடும் 'ஷெமா' மந்திரம் ஆகியவையே எஞ்சியிருந்தன. தாவீது ரஹபி என்பவர் இவர்களைச் சோதிப்பதற்காக மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிளும் துடுப்பும் இல்லாத மீன்களைப் பெண்கள் ஒதுக்கி வைத்தனராம். மறைநூல் விலக்கிய மீன்கள் அவையே. இவர்கள் யூதரே எனத் தெளிந்த அவர், இளைஞர் மூவருக்குப் போதித்து அவர்களை ஆசிரியராக்கினார் என்பது இவர்களின் மரபுரை. நூல் மறைந்த பின்னும் விதியைக் காத்தது அடுக்களை. ஆயினும் அடுக்களை தனித்து எல்லாவற்றையும் காக்கவில்லை. மொழியும் நூலறிவும் பொருளறிவும் அவர்களுக்குப் பின்னரே மீண்டன. 19ஆம் நூற்றாண்டிற் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். பம்பாயில் 1875ஆம் ஆண்டில் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் முதலியோரின் முயற்சியால் இஸ்ரவேலர் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் சர் எலி கடூரி பள்ளி எனப் பெயர் பெற்றது.

1950களிற் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வளர்ந்த பிள்ளைகளின் பேச்சுமொழி எபிரேயமாயிற்று. தோராவின் மொழி நாவுக்கு எளிதாயிற்று. பாட்டியின் மலையாளக் குறிப்பேடோ பேத்திக்கு விளங்காத ஏடாயிற்று. ஆராய்ச்சியாளர் அக்குறிப்பேடுகளைத் தேடித் திரட்டினர். 2005ஆம் ஆண்டில் ஸ்கறியா சக்கரியாவும் ஓபிரா கம்லியேலும் அப்பாடல்களை எபிரேய மொழிபெயர்ப்புடன் எருசலேமிற் பதிப்பித்தனர். பாடல்கள் அச்சேறித் தப்பின. ஆயினும் தொட்டிலருகே இருந்த பாட்டு ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசும் பாட்டன் பாட்டிமார்க்கு இச்செய்தி தூரத்துச் செய்தியன்று. தேவாரத்தைப் பிறமொழி எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகள் பலர் அந்நாடுகளில் உளர். வாரவிடுமுறைத் தமிழ்ப் பள்ளிகள் அரும்பணி ஆற்றுகின்றன. ஆயினும் வாரத்தில் இரண்டு மணி நேரத்திற் பள்ளி கொடுப்பதை, எஞ்சிய நேரமெல்லாம் வீடு பேணாவிடின் அது நில்லாது.

யூதரின் வரலாறு காட்டும் உண்மை இரு பக்கமுடையது. பள்ளி இல்லாத வீடு பழக்கத்தைக் காக்கும்; பொருளை மறக்கும். வீடு துணைநில்லாத பள்ளி பொருளைக் கற்பிக்கும், பழக்கமாக்க இயலாது. ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. வகுப்பிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நில்லாது, இன்று என்ன கற்றாய் என்றும் கேட்கலாம். விரதமோ நோன்போ பெருநாளோ வரும்போது, ஏன் செய்கின்றோம் என்பதை உண்ணும் வேளையில் எடுத்துரைக்கலாம். பிள்ளை ஏன் என்று வினவும்போது, அது குறும்பு என்று வாயை அடக்காமல், தெரிந்ததைச் சொல்லலாம்; தெரியாததைப் பிள்ளையோடு சேர்ந்தே நூலில் தேடலாம். அவ்வாறு தேடும் வீட்டிலே ஆசிரியரின் பணி பாதி எளிதாகும்.