மேடை முகமூடி: முதலில் மூச்சு, பிறகு மினுமினுப்பு

2014ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த கிராமி விருது விழாவில், ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான விருதைப் பெற மேடையேறிய இருவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலை முழுவதையும் மூடிய கவசத்துடன் அமைதியாக நின்றனர். அவர்கள் சார்பில் பேசியவர், அந்தத் தொகுப்பில் அவர்களோடு பணியாற்றிய மூத்த பாடலாசிரியர் பால் வில்லியம்ஸ்.

அந்த இருவர்தான் பிரான்சைச் சேர்ந்த ‘டாஃப்ட் பங்க்’ இசை இரட்டையர், தாமா பங்கால்டரும் கீ-மானுவேல் டி ஓமெம்-கிறிஸ்டோவும். 1993ல் பாரிசில் தொடங்கிய இவர்கள், 2001ல் ‘டிஸ்கவரி’ தொகுப்பு வெளியான காலத்தில் ரோபோக்களாக மாறினர். ஒருவருக்கு வெள்ளி நிறக் கவசம், மற்றவருக்குத் தங்க நிறக் கவசம். ஹாலிவுட் படங்களுக்குச் சிறப்பு ஒப்பனை செய்யும் டோனி கார்ட்னரின் ‘ஆல்டீரியன்’ குழு அவற்றை உருவாக்க உதவியது. 2021 பிப்ரவரியில் இரட்டையர் பிரியும் வரை உலகம் அவர்களை அந்தக் கவசங்களாகவே அறிந்திருந்தது.

இன்று மார்ஷ்மெல்லோவின் வெள்ளை வாளி, டெட்மவுஸின் பெரிய எலித்தலை என மேடை முகமூடிகள் பல. இவற்றைப் பார்க்கும்போது, “இதை எப்படி இவ்வளவு பளபளப்பாகச் செய்தார்கள்?” என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நாமே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் கேள்வி மாறிவிடும். “உள்ளே இருப்பவர் எப்படி மூச்சு விடுகிறார்?”

சென்ற பருவத்தில் நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் அந்தக் கேள்வியோடு மூன்று வாரங்கள் வாழ்ந்தோம். எங்கள் நண்பர் ஒருவர் பல்கலைக்கழகக் கலை இரவில் மின்னிசை வாசிக்கவிருந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர். முகம் தெரியாவிட்டால் துணிந்து வாசிப்பேன் என்றார். டாஃப்ட் பங்க் பாணியில் ஒரு கவசம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம். ஆனால், அவருக்கு மூக்குக்கண்ணாடி உண்டு, இலேசான ஆஸ்துமாவும் உண்டு.

அதனால் படம் வரையும் முன்பே பட்டறையின் வெள்ளைப்பலகையில் மூன்று விதிகளை எழுதினோம். விசிறி நின்றுபோனாலும் உள்ளே காற்று வர வேண்டும். அணிந்திருப்பவருக்கு மேடையின் விளிம்பு தெரிய வேண்டும். ஒரே கையால், மூன்று வினாடிகளில் கழற்ற முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றையேனும் மீறும் யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தலையின் அளவு

எங்கள் கவசத்தின் உடல் இவிஏ ஃபோம். சிறுவர் விளையாடும் அறைகளில் தரையில் பதிக்கிறார்களே, அதே வகைப் பொருள்தான். இலேசானது, மலிவானது, பேனாக்கத்தியால் வெட்டலாம். ஹீட் கன் கொண்டு சூடாக்கினால் வளையும். ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். முப்பரிமாண அச்சிலும் கவசம் செய்யலாம். ஆனால் முழுத்தலைக் கவசம் அச்சாகப் பல மணிநேரம், சில வேளைகளில் நாள்கணக்கில் ஆகும். அளவு சரியில்லை என்றால் மீண்டும் முதலிலிருந்து. ஃபோமில் ஒரு துண்டை மட்டும் வெட்டி மாற்றினால் போதும்.

வார்ப்புரு எடுக்க எளிய வழி உண்டு. தலையின் மேற்பகுதியை உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். மூக்கையும் வாயையும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. பிறகு நெற்றியிலிருந்து பிடரி வரை நடுக்கோடு வரைந்து, மெதுவாக வெட்டிக் கழற்ற வேண்டும். கோள வடிவம் தட்டையாகாது என்பதால் ஆரஞ்சுத் தோலைப் போல ஆங்காங்கே கீறிப் பரப்ப வேண்டும். பாதித் தலைக்கு மட்டும் வரைந்து, மறுபாதிக்குத் தாளைத் திருப்பி வைத்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி அமையும்.

தலையின் அளவுக்கே கவசம் செய்தால் காற்றுக்கு இடம் இராது. எனவே சுற்றிலும் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டோம். உள்ளே, கட்டுமானத் தளத் தலைக்கவசங்களில் இருக்கும் பட்டை வலையைப் பொருத்தினோம். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் தலை முழுவதும் பரவியது. தலைக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்றோட்டமும் கிடைத்தது.

கழுத்து வாயிலுக்குத் தனிக் கவனம் தேவை. கவசம் தலையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. மூக்கையும் முகவாயையும் தாண்டி இறங்கவும் வேண்டும். நாங்கள் முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரித்து காந்தங்களால் இணைத்தோம். தாடைக்குக் கீழே ஒரு நாடா. அதை இழுத்தால் முன்பாதி கையோடு வந்துவிடும்.

காற்றின் வழி

நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு கரியமில வாயு இருக்கிறது. திறந்த வெளியில் அது கலைந்துவிடும். மூடிய கவசத்துக்குள் அதே காற்று மீண்டும் மூக்கிற்குள் போகும். தலைவலியும் மயக்கமும் அதன் விளைவுகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லையும் சேரும். மூச்சிலுள்ள ஈரம், குளிர்ந்த வைசரில் பட்டுப் படலமாகப் படியும். கண்ணாடி அணிந்தவருக்கு இரட்டைப் படலம்.

சூடான காற்று மேலே எழும் என்பது உயர்நிலைப்பள்ளி அறிவியல். அதையே பயன்படுத்தினோம். முகவாய்ப் பகுதியை முழுமையாக மூடாமல், கறுப்பு வலைத்துணி போட்டு அகலமாகத் திறந்துவிட்டோம். பின்னந்தலையின் உச்சியில் இரு சிறு விசிறிகள் சூடான காற்றை வெளியே தள்ளின. கீழிருந்து புதிய காற்று ஏறி முகத்தைத் தாண்டி மேலே போயிற்று. விசிறிகள் நின்றாலும் கீழே திறப்பு இருக்கிறது. முதல் விதி காப்பாற்றப்பட்டது.

கண்ணுக்குத் தெரிவது

கறுப்பு வைசர் ஏன் வெளியே இருப்பவர்க்கு இருட்டாகவும் உள்ளே இருப்பவர்க்கு ஊடுருவியும் தெரிகிறது? மாயம் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் இருப்பவருக்கு மறுபக்கம் தெரியாது. மேடை விளக்குகள் வெளியே எரியும் வரை, உள்ளே இருக்கும் முகம் மறைந்திருக்கும்.

உள்ளே விளக்கு வைத்தால் இந்தக் கணக்குத் தலைகீழாகும். எல்இடி ஒளி முகத்தில் பட்டால் முகம் வெளியே தெரியும்; அணிந்தவருக்கோ ஒளியைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஆகவே விளக்குப் பலகையை நெற்றிக்கு மேலே பொருத்தி, அதன் பின்புறத்தையும் ஓரங்களையும் கறுப்பு ஃபோமால் மூடினோம். கண்களுக்கு நேரே வெறும் நிறமூட்டிய பிளாஸ்டிக் தாள் மட்டும். வளைவுக்கு பிஇடிஜி தாள் நல்லது. சுமார் 80 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். ஒரே திசையில் வளைப்பதை ஹீட் கன் கொண்டு செய்யலாம். குமிழ்போல இரு திசையிலும் வளைய வேண்டுமென்றால், அச்சின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சும் இயந்திரம் வேண்டும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பக்கவாட்டுப் பார்வையும் காலடிப் பார்வையும் குறையும். அதனால் மேடையின் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டினோம். படியேறும்போதும் இறங்கும்போதும் உடன் நடக்க ஒருவரை நியமித்தோம். காஸ்பிளே நிகழ்ச்சிகளில் பெரிய உடை அணிபவர்களுக்கு இப்படி ஒரு துணையாள் இருப்பது வழக்கம்.

64 விளக்குகள், 19 வாட்

எங்கள் பலகையில் எட்டுக்கு எட்டு என 64 எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வகை. டாஃப்ட் பங்க் ஒளிக்கோலங்களை நகலெடுக்காமல், அந்தக் கட்டங்களில் புள்ளிக் கோலங்கள் விரிந்து சுருங்கும்படி நிரல் எழுதினோம். வரிசை வரிசையாகப் புள்ளிகள் கிடைத்தால் கோலம்தானே நினைவுக்கு வரும்!

இப்போது ஒரு கணக்கு. இத்தகைய விளக்கு ஒன்று முழு வெள்ளை ஒளியில் சுமார் 60 மில்லியாம்பியர் மின்சாரம் எடுக்கும். 64 விளக்குகளுக்கு 3.84 ஆம்பியர். 5 வோல்ட்டில் அது 19 வாட்டுக்கு மேல். சாதாரண பவர்பேங்க் பலவற்றால் அவ்வளவு தர முடியாது. தந்தாலும் அந்தச் சூடு முழுவதும் நெற்றிக்கு அருகில்தான் இறங்கும். நிரலில் ஒளியளவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தோம். இருண்ட அரங்கில் அதுவே கண்ணைப் பறித்தது.

பவர்பேங்க்கைக் கவசத்துக்குள் வைக்கவில்லை. லித்தியம் மின்கலம் அடிபட்டாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தீப்பிடிக்கலாம். அது முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருளன்று. இடுப்புப் பையில் வைத்து, முதுகு வழியாகக் கம்பியை மேலே கொண்டு சென்றோம். நடுவில் இழுத்தாலே கழன்றுவிடும் இணைப்பு. கவசத்தைக் கழற்றும்போது கம்பி பிடித்து நிறுத்தாது. இத்தனைக்குப் பிறகும் கவசத்தின் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கியது.

பளபளப்புக்குப் பொறுமை

கண்ணாடி போன்ற வெள்ளிப் பூச்சுதான் பலருடைய கனவு. ஆனால் அந்தப் பூச்சு எதையும் மறைக்காது. சிறு மேடுபள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டும். ஃபோமின் நுண்துளைகளை முதலில் சூட்டால் மூடி, பிறகு ரப்பர் போன்ற மேற்பூச்சுப் பலமுறை பூசி, உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து மிருதுவுக்கு மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். அதன்மேல் பளபளக்கும் கறுப்புச் சாயம், கடைசியில் வெள்ளி. கறுப்பு அடித்தளம் எவ்வளவு மினுங்குகிறதோ அவ்வளவுதான் வெள்ளியும் மினுங்கும். எங்கள் மூன்று வாரங்களில் ஏறக்குறைய ஒரு வாரம் தேய்ப்பதிலேயே போனது.

ஸ்பிரே சாயத்தையும் காண்டாக்ட் பசையையும் வீவக வீட்டின் அறைக்குள் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் ஆவியைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. அதற்கென வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசமும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். பள்ளி அல்லது கல்லூரிப் பட்டறையில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதே நல்லது. இன்னொன்று: இது மேடைக்கான அணிகலன், அடியிலிருந்து தலையைக் காக்காது. மோட்டார்சைக்கிளில் அணியவே கூடாது.

பிறருடைய வடிவத்தை அப்படியே செய்து விற்பதும் வேறு விவகாரம். டெட்மவுஸ் தம் எலித்தலைச் சின்னத்தை அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிய முனைந்தபோது, மிக்கி மவுஸ் உரிமையாளரான டிஸ்னி 2014ல் எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமரசம் கண்டன. முகமூடி ஓர் அடையாளம் மட்டுமன்று, சொத்தும்கூட. ஊக்கம் பெறுங்கள், உங்கள் கையெழுத்தையும் அதில் போடுங்கள்.

கழற்றும் நேரம்

ஒத்திகையில் நண்பர் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று படிப்படியாக அணிந்து பார்த்தார். மருந்து உறிஞ்சியை மேடையோரத்தில் ஒருவர் கையில் வைத்திருந்தார். பத்து நிமிடம் வரை இயல்பாக இருப்பதாகவும் அதன் பிறகு புழுக்கம் கூடுவதாகவும் நண்பர் சொன்னார். எனவே முதல் இரண்டு இசைக்கோவைகளுக்கு மட்டும் கவசம், மூன்றாவதற்கு வேண்டாம் என்று தீர்மானித்தோம். “அப்போ முகத்தோடுதான் வாசிக்கணுமா?” என்று தயங்கினார். “இரண்டு முடிஞ்சதும் நீயே முடிவு பண்ணு” என்றோம்.

நிகழ்ச்சி நாளன்று இரண்டாவது முடிந்ததும் நாடாவை இழுத்தார். வியர்வையில் நனைந்த முகம் வெளியே வந்தது. அரங்கம் கவசத்துக்குத் தந்ததைவிடப் பலமான கைத்தட்டலை அந்த முகத்துக்குத் தந்தது. மூன்றாவதையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினார்.

டாஃப்ட் பங்க் பிரிந்த பிறகு பங்கால்டரும் கவசத்தை விட்டுவிட்டார். ‘மித்தாலஜீஸ்’ என்ற பாலே நடனத்துக்கான இசையை வாத்தியக் குழுவுக்காக எழுதி, தம் முகத்துடனேயே ரசிகர் முன் வந்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு கவசம் செய்ய எண்ணுகிறீர்களா? சாயப் புட்டி வாங்கும் முன், பழைய அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்யுங்கள். அதை அணிந்து, நண்பர் ஒருவர் துணையுடன் பத்து நிமிடம் நடந்து, படி ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே கால் தடுமாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வடிவமைப்பின் முதல் பக்கம் அந்தக் குறிப்புதான்.