மழை ரோடும் மோட்டார் சைக்கிள் டயரும்

மழை பெய்கிறது. வயல் நனைகிறது. கிணறு நிறைகிறது. ரோடும் நனைகிறது.

ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளத்தில் பருவமழை தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் மும்பைக்குப் போய்விடும். ஜூலை பாதிக்குள் நாடு முழுவதும் பரவிவிடும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். இப்படி ஆண்டில் பல மாதம் ரோடு ஈரமாகவே இருக்கும்.

மழை என்பதால் வேலை நிற்பதில்லை. பால்காரர் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். மீன் விற்பவர் சந்தைக்குப் போக வேண்டும். கொத்தனார் வேலைக்குப் போக வேண்டும். செவிலியர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100-க்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லா விபத்துக்கும் டயர் காரணம் இல்லை. ஆனால் டயரைச் சரியாக வைத்திருப்பது வண்டிக்காரர் கையில் இருக்கிறது. மழை நம் கையில் இல்லை. எதிரே வரும் லாரி நம் கையில் இல்லை. டயர் நம் கையில் இருக்கிறது.

உள்ளங்கை அளவு இடம்

வண்டி பெரியது. அதில் இரண்டு பேர் உட்காருவார்கள். மூட்டையும் வைப்பார்கள். இவ்வளவு எடையும் ரோட்டில் எவ்வளவு இடத்தில் நிற்கிறது தெரியுமா? ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு உள்ளங்கை.

வண்டி நிற்பதும், திரும்புவதும், வழுக்காமல் போவதும் இந்த இரண்டு உள்ளங்கை இடத்தை நம்பித்தான். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ரோட்டைப் பிடிப்பது டயர். டயர் ரோட்டைப் பிடிக்காவிட்டால் நல்ல பிரேக் இருந்தும் பயன் இல்லை.

காய்ந்த ரோட்டில் ரப்பர் கல்லோடு ஒட்டி அழுத்துகிறது. அதனால் பிடிப்பு கிடைக்கிறது. மழை பெய்தால் ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் தண்ணீர் வந்துவிடும். பாசி பிடித்த படித்துறையில் கால் வைப்பது போல ஆகிவிடும்.

டயரில் பள்ளம் எதற்கு?

புது டயரைப் பாருங்கள். அதில் மேடும் பள்ளமும் இருக்கும். மேட்டை மெக்கானிக்குகள் பட்டன் என்பார்கள். இது அழகுக்காகப் போட்ட கோலம் இல்லை. தண்ணீர் வெளியேறும் வழி.

வயலில் வடிகால் வெட்டுகிறோம். தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடும். பயிர் அழுகாது. டயரில் உள்ள பள்ளமும் அப்படித்தான். சக்கரம் உருளும்போது தண்ணீர் பள்ளத்தில் புகுந்து பக்கவாட்டில் பீறிட்டுப் போகும். பட்டன் ரோட்டைத் தொடும்.

பட்டன் தேயத் தேயப் பள்ளத்தின் ஆழம் குறையும். வடிகால் தூர்ந்து போனது போல ஆகும். தண்ணீர் போக வழி இல்லை. வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக் பிடித்தாலும் நிற்காது.

மொட்டை டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே ஓடும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அதன் குறை முதல் மழையில்தான் தெரியும்.

டயர் தேய்ந்துவிட்டதா? எப்படிப் பார்ப்பது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். டயரிலேயே அடையாளம் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய முக்கோணம் இருக்கும். அல்லது டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த இடத்துக்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள். பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். அதுதான் தேய்மான அடையாளம்.

பட்டன் தேய்ந்து இந்தச் சின்ன மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இரு சக்கர வண்டி டயரில் அப்போது பள்ளத்தின் ஆழம் வெறும் 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மழைக்காலம் வரப்போகிறது என்றால் அதுவரை கூடக் காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் முன்னாலேயே மாற்றுவது நல்லது.

டயரின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். ஓரத்தில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. நடுவில் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, வீக்கம், ஆணி, வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று ரூபாய்க் கணக்கு

ஒரு பால்காரர் பஞ்சர் கடைக்கு வந்தார். அவர் வண்டியின் பின் டயர் மொட்டையாக இருந்தது. கடைக்காரத் தம்பி அதைப் பார்த்தார்.

“அண்ணே, டயரை மாத்திடுங்க.”

“மழை முடியட்டும் தம்பி. இன்னும் ரெண்டு மாசம் ஓடும்.”

“மழைக்குத்தான் அண்ணே நல்ல டயர் வேணும். ஒரு கணக்குப் பார்ப்போமா? டயர் 2000 ரூபாய்னு வைங்க. 20,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?”

பால்காரர் விரல் விட்டு எண்ணினார். “பத்துப் பைசா.”

“ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க?”

“முப்பது.”

“அப்படின்னா ஒரு நாளைக்கு மிச்சம் மூணு ரூபாய். ரெண்டு மாசத்துக்கு 180 ரூபாய். அவ்வளவுதான் அண்ணே. வண்டியில எத்தனை லிட்டர் பால் இருக்கு?”

“ரெண்டு கேன். எண்பது லிட்டர்.”

“லிட்டர் 40 ரூபாய்னு வச்சாலும் 3200 ரூபாய். ஒரு தடவை சறுக்கினா பால் ரோட்டுல போகும். அதுவாச்சும் பரவாயில்லை. கை கால் போனா?”

பால்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முன் டயரையும் பாரு தம்பி” என்றார்.

கடைக்காரர் சொன்ன கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். விலையும் தூரமும் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் தேய்ந்த டயரை இழுத்து ஓட்டுவதில் மிச்சமாகும் பணம் மிகக் குறைவு. இழப்பு மிக அதிகம்.

புது டயர் வாங்கும்போது

டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் நிறைய இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

முதலில் அளவு. 80/100–18 என்று எழுதியிருந்தால், 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்றால் டயரின் உயரமும் அதே அளவு. அதாவது அகலத்தில் நூற்றுக்கு நூறு. 18 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பழைய டயரில் உள்ள அளவையும் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அகலமான டயர் போட்டால் நல்ல பிடிப்பு வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரிம்முக்குப் பொருந்தாத டயர் வளைவில் வண்டியைத் தடுமாற வைக்கும்.

இரண்டாவது எடை. அளவுக்குப் பக்கத்தில் 47 பி என்பது போல இருக்கும். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ வரை தாங்கும். 54 என்றால் 212 கிலோ. எண் கூடினால் தாங்கும் எடையும் கூடும். சுமை ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பி என்ற எழுத்து வேகத்தின் எல்லையைச் சொல்கிறது.

மூன்றாவது தேதி. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் கடையில் சும்மா கிடந்தாலும் நாளாக நாளாக இறுகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் வழுக்கும். அதனால் பல வருடம் கிடந்த டயரை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

நான்காவது ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்தியாவில் விற்கும் வண்டி டயரில் இந்த முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

ஐந்தாவது அம்புக்குறி. பல டயர்களில் சக்கரம் உருளும் பக்கத்தை அம்பு காட்டும். மாற்றி மாட்டினால் பள்ளம் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. மாட்டி முடித்ததும் அம்பைப் பாருங்கள்.

எந்தப் பட்டன் நல்லது?

மண் ரோட்டுக்குப் பெரிய பெரிய பட்டன் உள்ள டயர் நல்லது. அது சேற்றைக் கவ்வும். ஆனால் ஈரமான தார் ரோட்டில் அந்த டயர் குறைவாகவே பதியும். தார் ரோட்டில் அதிகம் ஓட்டுபவர்கள் ரோட்டு டயர் வாங்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் வரை பள்ளம் போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வெளியே போக அதுதான் வழி.

ரப்பரிலும் வகை உண்டு. மென்மையான ரப்பர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஈரத்தில் பிடிப்பு குறையும். சில டயர்களில் சிலிகா என்ற பொருளைக் கலக்கிறார்கள். அது ஈரத்தில் பிடிப்பைக் கூட்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கடையில் கேட்காதீர்கள். மழையில் எப்படிப் பிடிக்கும் என்றும் கேளுங்கள்.

பின் டயர் சீக்கிரம் தேயும். அதனால் பலர் பின் டயரை மட்டும் மாற்றுகிறார்கள். முன் டயரை மறந்துவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. பின் டயர் கொஞ்சம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிப்பது மிகவும் கடினம். எனவே முன் டயரையும் பாருங்கள்.

மொட்டை டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பவர்களும் உண்டு. அது புது டயர் போலத் தெரியும். வெட்டிய இடத்தில் ரப்பர் மெலிந்து போயிருக்கும். ஓடும்போது வெடிக்கலாம். அதை வாங்கவே கூடாது.

காற்று சரியாக இருக்கட்டும்

நல்ல டயர் வாங்கினால் மட்டும் போதாது. காற்றும் சரியாக இருக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் நசுங்கும். பள்ளங்கள் மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியேறாது. காற்று அதிகமானால் டயர் விறைத்துக்கொள்ளும். ரோட்டைத் தொடும் இடம் சுருங்கும்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். தார் ரோட்டுக்கு அது தவறு. வண்டி செய்தவர்கள் எவ்வளவு காற்று என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். வண்டியில் ஒட்டிய தாளிலும் இருக்கும். ஒருவர் போனால் ஓர் அளவு. இருவர் போனால் பின் டயருக்குக் கூடுதல் அளவு. வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே காற்றைப் பாருங்கள்.

ரோட்டில் கவனம்

முதல் மழை மிகவும் ஆபத்தானது. பல நாள் தூசியும், வண்டிகள் சிந்திய எண்ணெயும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். நல்ல மழை பெய்து ரோடு கழுவப்பட்ட பிறகு வழுக்கல் குறையும்.

ரோட்டில் பூசிய வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, தண்டவாளம், நனைந்த இலை, சேறு, சாணம் ஆகியவை மேலும் வழுக்கும். இவற்றின் மேல் திரும்பாதீர்கள். சடாரென்று பிரேக் பிடிக்காதீர்கள். நேராக, மெதுவாகத் தாண்டிப் போங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மழையில் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடம் விடுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்துங்கள்.

புது டயர் மாட்டிய முதல் நூறு கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். கொஞ்சம் ஓடிய பிறகுதான் அது நன்றாகப் பிடிக்கும்.

எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் தலைக்கவசம் வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. மழைக்கு முன் இரண்டு டயரையும் பாருங்கள்.
2. தேய்மான அடையாளம் வரை தேய்ந்த டயரை ஓட்டாதீர்கள்.
3. அளவு, எடை, தேதி, முத்திரை பார்த்து வாங்குங்கள்.
4. அம்பு காட்டும் பக்கம் டயரை மாட்டச் சொல்லுங்கள்.
5. வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள்.
6. மழையில் மெதுவாகப் போங்கள்.

பயிற்சி

1. டயரில் பள்ளம் எதற்காக இருக்கிறது?
2. டயரில் 1025 என்று எழுதியிருக்கிறது. அது எந்த ஆண்டில், எத்தனையாவது வாரத்தில் செய்தது?
3. முன் டயர் ஏன் முக்கியம்?
4. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் உள்ள வண்டியின் டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அளவையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். தேய்மான அடையாளத்தைக் கண்டுபிடித்து வண்டிக்காரருக்குக் காட்டுங்கள்.