மறைந்த விதியை ஆராய்தல்: எஞ்சின் கணினியும் பொறிகாலமும்

மலையிலே புகை கண்டோன் அங்கு நெருப்புண்டெனத் துணிதல் அளவை நூலார்க்குப் பழகிய எடுத்துக்காட்டாகும். காணப்படும் விளைவு கொண்டு காணப்படாத காரணத்தை உணரும் இம்முறை கருதலளவை எனப்படும். சைவசித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என அளவை மூன்றெனக் கொள்வர். மெய்ப்பொருளாராய்ச்சிக்கு வகுத்த இந்நெறி, மோட்டார் வாகனத்தினுள் மூடுண்டு கிடக்கும் சிறு கணினியொன்றின் விதியை அறிதற்கும் எங்ஙனம் துணையாகின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதி, தெல்தெனியவைக் கடந்ததும் ஹுன்னஸ்கிரிய நோக்கி மலையேறுகின்றது. உடதும்பரவுக்கு அப்பால், பதினெட்டு வளைவு எனப் பேர்பெற்ற இறக்கத்தின் வழியே சமவெளியை அடைகின்றது. இத்தகைய ஏற்றத்திலே பாரமேற்றிய பெற்றோல் வாகனம் மெல்ல ஊருங்கால், உலோகத்தைத் தட்டினாற்போன்ற ஓசை எஞ்சினுள் எழுதலுண்டு. இதனைத் தட்டல் என்பர். பிளக்கின் தீப்பொறி உரிய கணத்துக்கு முந்தித் தோன்றுதல் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தட்டல் நீடிப்பின் பிஸ்டன் பழுதுறும். பொறி பிந்தினாலோ வலு குன்றும், எரிபொருளும் வீணாகும்.

உரிய கணம் யாது? பொறி தோன்றியவுடன் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை; சுவாலை பரவச் சிறிது நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும் எஞ்சினின் கிராங் தண்டு ஒரு மில்லிசெக்கனில் 6 பாகை திரும்பும். 3000 சுற்றிலோ 18 பாகை திரும்பும். ஆகவே வேகம் கூடுந்தோறும் பொறி முந்துதல் வேண்டும். பாரம் குறைந்து உருளையினுள் கலவை ஐதாகும்போதும் சுவாலை மெல்லப் பரவுமாதலின் பொறி முந்துதல் வேண்டும். பாரம் மிகின், தட்டலைத் தவிர்த்தற் பொருட்டுப் பிந்துதல் வேண்டும்.

பழைய வாகனங்களில் இவ்விதியை நடத்தியது டிஸ்ட்ரிபியூட்டர். வேகத்தோடு விரியும் இரு நிறைகளும், அவற்றை இழுத்துப்பிடிக்கும் சுருள்விற்களும், எஞ்சினின் உறிஞ்சலால் அசையும் மென்றகடும் பொறியின் கணத்தை மாற்றின. மூடியைத் திறந்த தொழிலாளி அவ்விதியைக் கண்ணாற் கண்டான், கையாலுந் திருத்தினான். 1977ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோவில் நுண்செயலியைக் கொண்டு பொறிகாலத்தை ஆளத் தொடங்கினர். 1979இல் பொஷ் நிறுவனத்தாரின் மோட்ரொனிக் முறை, எரிபொருள் செலுத்தலையும் பொறியையும் ஒரே கணினியின்கீழ்க் கொணர்ந்தது. அன்றுமுதல் விதி சுருள்வில்லை விட்டு எண்களுட் புகுந்தது.

அதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. கடல்மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைகின்றது. பழைய மென்றகடு உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே உணர்வது; முழுவிசையில் மலையேறும்போது அவ்வேற்றுமை இல்லாமற்போதலின், மலையையும் கடற்கரையையும் அது ஒன்றாகவே கொள்ளும். கணினிக்கோ உண்மையான அமுக்கத்தை அளந்து கூறும் உணரி உண்டு. வேகத்தை ஒருபுறமும் பாரத்தை மறுபுறமும் நிறுத்திய அட்டவணையிலே உரிய பாகையை அது தேடி எடுக்கின்றது. கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலைகளுக்கு விகிதம் பார்த்துக் கணிக்கின்றது.

இவ்வட்டவணையை வெளியாள் அறிவது எங்ஙனம்? முதலாவது காண்டல். கணினியைக் கழற்றி மேசைமீது வைத்து, ஓடும் எஞ்சினினது போன்ற மின்குறிகளை அதற்கு ஊட்டுவர். பல எஞ்சின்களில் கிராங் சக்கரம் 60 பல்லுக்குரிய இடத்தில் 58 பல்லே உடையது. இரு பல்லில்லாத இடைவெளி சுழற்சியின் தொடக்கத்தை உணர்த்தும். அவ்விடைவெளிக்கும் பொறிக்கட்டளைக்கும் உள்ள தூரத்தை அலைவுகாட்டியில் அளந்து, வேகத்தையும் அமுக்கத்தையும் சிறிது சிறிதாக மாற்றிக் குறித்தால் ஒரு மேற்பரப்பு உருவாகும். அதன் சரிவு மாறும் இடங்களே அட்டவணையின் கட்டங்கள் எனக் கருதலாம்.

ஆயினும் கருதலிற் கவனம் வேண்டும். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு எனல் பொருந்தாது; ஈரவிறகு சேர்ந்தவிடத்தே புகை எழும் என்று தருக்க நூலார் எச்சரிப்பர். அத்தகைய மறைநிபந்தனை இங்கும் உண்டு. நீரின் வெப்பம், உட்புகும் வளியின் வெப்பம், தட்டலுணரியின் முறையீடு ஆகிய ஒவ்வொன்றும் பாகையைத் திருத்தும். இவற்றை நிலைநிறுத்தாமல் அளப்பவர், அட்டவணையின் எண்ணையும் திருத்தத்தின் எண்ணையும் குழப்பிக்கொள்வர்.

ஆதலின் மூன்றாவதாகிய உரையை நாடுவர்; அஃதாவது கணினியின் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள நிரல். அதனைப் படியெடுத்து எண்களை வரைபாக்கின், தாறுமாறான கட்டளைகளுக்கிடையே ஒழுங்காக ஏறியிறங்கும் பரப்புகள் தோன்றும். முன்னர் அளந்த பரப்போடு ஒத்துப்போவது பொறிகால அட்டவணை ஆகலாம். அதன் ஒரு கட்டத்தை மாற்றி மீண்டும் அளந்து, எதிர்பார்த்த இடத்தில் மட்டும் மாற்றம் நிகழுமாயின் துணிபு உறுதிப்படும். ஒன்றால் ஒன்றைச் சோதித்தலே இம்முறையின் உயிர்.

இது வெறும் வேடிக்கையன்று. 2015 செப்டெம்பரில் வொல்க்ஸ்வாகன் டீசல் வாகனங்களின் மோசடி வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் பெலிக்ஸ் டொம்கே என்பார், சோதனை நடப்பதை உணர்ந்து வேறுவிதமாக ஒழுகும் நிரலை இவ்வாறே படித்து ஹம்பர்க் நகரில் விளக்கினார். டீசல் எஞ்சினுக்குப் பொறியில்லை எனினும் ஆராய்ச்சி நெறி ஒன்றே. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், உடைமையாளர் தம் வாகனத்தைப் பழுதுபார்த்தற்பொருட்டு அதன் நிரலை ஆராய்தற்கு விலக்களித்தது.

நம் நாட்டில் ஓடும் பெற்றோல் வாகனங்களுட் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் அட்டவணைகள் நம் மலைகளையோ, இங்கு விற்கப்படும் 92, 95 ஒக்டேன் பெற்றோலையோ மனத்திற்கொண்டு எழுதப்பட்டன என நாம் எண்ணிவிடலாகாது. சுருள்வில்லைத் திருத்திய கைக்கு இன்று பெட்டி மூடிக்கிடக்கின்றது. அதனைத் திறத்தற்கு வேண்டிய கருவிகள் அரியனவல்ல. அளத்தலும், ஐயுறலும், மீண்டும் சோதித்தலுமாகிய பழக்கமே வேண்டப்படுவது. அது கல்லூரியிலும் கற்கலாம், கராஜிலும் கற்கலாம். அதனைக் கல்லாதவிடத்து, நம் வாகனத்தின் விதியைப் பிறர் சொற்படியே நம்பி நாம் மலையேற வேண்டியதாகும்.